ஒரு விரிசல்கூட இல்லாத தெரு

அந்தத் தெருவில் எந்தச் செய்தியையும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. ஒரு முறை சொன்னால் போதும். தெருமுனையைத் தாண்டுவதற்குள் அதற்குக் கை கால் முளைத்து, மீசையும் வந்திருக்கும்.

சுரங்க ரயில் செய்தியும் அப்படித்தான் வளர்ந்தது. தெருவுக்கு அடியில், மண்ணுக்குள் ஆழமாகக் குடைந்து ரயில் விடப் போகிறார்கள் என்று காலையில் பால் வாங்கப் போன இடத்தில் யாரோ சொன்னார்கள். மதியத்துக்குள், ரயில் போகும்போது அடுப்பில் இருக்கும் பாத்திரம் தானாகவே இறங்கி நடக்கும் என்றார்கள். சாயங்காலம் பார்த்தால், கட்டிலோடு சேர்த்து ஆளையும் வாசலுக்கு உருட்டி விட்டுவிடும் என்று ஆகிவிட்டது.

தையல் கடைக்காரரின் மகள் வாண்டு இதையெல்லாம் வாயைப் பிளந்து கேட்டாள். அவள் ஐந்தாம் வகுப்பு. வகுப்பிலேயே குள்ளம் அவள்தான். அதனால் பள்ளிக்கூடப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவள் வாண்டுதான்.

பக்கத்து வீட்டில் சலூன். சலூன்கார மாமாவின் மகனுக்கு மொட்டை என்று பெயர். மாமா புதிதாக முடிவெட்டும் மெஷின் வாங்கினால் முதல் சோதனை மகன் தலையில்தான் நடக்கும். வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

"சுரங்க ரயில் வந்தா நல்லதுதானே? ஜாலியாப் போகலாமே!" என்றான் மொட்டை.

"நீ ஜாலியாப் போடா. நான் ஒருத்தருக்குச் சவரம் பண்ணிட்டு இருக்கும்போது அடியில ரயில் போச்சுன்னா, அந்த ஆளோட காது எங்கே போகும்?" என்று கேட்டார் சலூன்கார மாமா.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

இரண்டு வீடுகளுக்கும் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் வாண்டு வீடு, அந்தப் பக்கம் மொட்டை வீடு. அந்தச் சுவரில், பின்னறையில், மேலிருந்து கீழே கோணல்மாணலாக ஒரு விரிசல் ஓடியது. இரண்டு வீட்டிலும் தெரிகிற விரிசல்.

பெரியவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து மறந்துபோயிருந்தார்கள். பிள்ளைகள் மறக்கவில்லை. முதலில் அதன் வழியாக ஒரு காகிதத் துண்டைத்தான் நுழைக்க முடிந்தது. "கணக்கு போட்டுட்டியா?" என்று எழுதி வாண்டு தள்ளுவாள். "இல்ல. நீ?" என்று மறுபக்கத்திலிருந்து பதில் வரும். போன மழைக்காலம் முடிந்த பிறகு, பென்சிலே நுழைந்தது. இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அடைத்துவிடுவார்களே!

அந்த ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் கடை வாசலில் கூட்டம் கூடியது. பெயிண்ட் கடைக்காரர்தான் தெருச் சங்கத்தின் தலைவர். அவருக்குப் பெரிய உடம்பு, பெரிய குரல், பெரிய மனசு. எதையும் யோசித்துப் பார்ப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவது ஒன்றுதான் அவரிடம் இருந்த குறை.

"அடுத்த வாரம் ரயில்காரங்க வீடு வீடா வந்து சுவரைப் பார்க்கப் போறாங்க. எதுக்குத் தெரியுமா? எந்த வீட்டுல விரிசல் இருக்கோ அதைக் குறிச்சுக்கிட்டுப் போவாங்க. அப்புறம், 'இது பலவீனமான வீடு, காலி பண்ணுங்க'ன்னு சொல்லி இடிச்சிடுவாங்க!" என்றார்.



அவர் பொய் சொல்லவில்லை. யாரோ சொன்னதை நம்பினார். நம்பியதைச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் அவர் சொல்லி முடித்ததும் ஒவ்வொருவர் மனசிலும் அவரவர் வீட்டு விரிசல் வந்து நின்றது.

"இப்ப என்ன பண்றது?" என்று கேட்டார் வாண்டுவின் அப்பா.

"விரிசல் இருந்தாத்தானே இடிப்பாங்க? நம்ம தெருவுல விரிசலே இல்லாமப் பண்ணிடுவோம்" என்றார் தலைவர்.

அடுத்த நாளே பெயிண்ட் கடையில் வெள்ளை சிமெண்ட் தீர்ந்துபோனது. தெரு முழுக்க ஏணிகள். சந்து பொந்தையெல்லாம் அடைத்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். அடைக்க முடியாத இடத்தில் காலண்டர் மாட்டினார்கள். காலண்டர் போதாத இடத்தில் அலமாரியை நகர்த்தினார்கள். ஒரு வீட்டில் காலண்டரை முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். தேதி பார்க்க வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும்.

வாண்டுவின் அப்பாவும் சலூன்கார மாமாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று பொதுச்சுவரின் விரிசலைப் பூசினார்கள். பிறகு இந்தப் பக்கம் இரும்பு பீரோவை இழுத்து வைத்தார்கள். அந்தப் பக்கம், சலூனில் கழற்றிப் போட்டிருந்த பழைய ஆளுயரக் கண்ணாடியை மாட்டினார்கள்.

"வாண்டு, இங்கே வா. யார் கேட்டாலும் இதைப் பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது. சரியா?" என்றார் அப்பா.

"ஏம்ப்பா?"

"இந்த வீடு போச்சுன்னா கடையும் போச்சும்மா. நாம எங்கே போவோம்? பக்கத்து வீட்டு மாமா எங்கே போவார்?"

அப்பா எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர். அன்று அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. மொட்டை வேறு எங்கோ குடிபோய்விட்டால்? நினைக்கவே பிடிக்கவில்லை.

"வாயைத் திறக்க மாட்டேம்ப்பா" என்றாள்.

நான்கு நாள் கழித்து வாண்டுவின் அழிரப்பர் பீரோவுக்குப் பின்னால் உருண்டு போனது. டார்ச் விளக்கோடு குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புதிதாகப் பூசிய சிமெண்டின் மேல், தலைமுடி போல ஒரு கோடு. மேலிருந்து கீழே, அதே கோணல்மாணலாக.

"அப்பா! சுவர் மறுபடியும் விட்டிருக்கு!"

"புதுப் பூச்சு. வெயில்ல காய்ஞ்சா அப்படித்தான் இருக்கும்."

"பீரோவுக்குப் பின்னாடி ஏதுப்பா வெயில்?"

"வாயாடாதே. போய்ப் படி."

வாண்டு போனாள். ஆனால் படிப்பு ஏறவில்லை.

ரயில்காரர்கள் வந்தார்கள். தெரு எதிர்பார்த்தது முறுக்கு மீசைக்காரர்களை. வந்ததோ மஞ்சள் தொப்பி போட்ட ஓர் இளம் பெண் பொறியாளர். கூடவே கேமராவும் கையுமாக ஓர் உதவியாளர். தொப்பி அந்த அக்காவின் தலைக்குக் கொஞ்சம் பெரியது. குனிந்தால் மூக்குக்கு வந்தது. அதனால் பிள்ளைகள் அவரைத் தொப்பி அக்கா என்றே அழைத்தார்கள்.

தொப்பி அக்கா வீடு வீடாகப் போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "விரிசல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"விரிசலா? அப்படின்னா?" என்றார்கள் ஒரு வீட்டில்.

"எங்க வீட்டுச் சுவர்ல எறும்புகூட நுழைய முடியாது" என்றார்கள் இன்னொரு வீட்டில்.

தையல் கடைக்கும் வந்தார். பின்னறையில் நின்று, "பீரோவுக்குப் பின்னாடி எப்படி?" என்று கேட்டார்.

"சுவர்தான்" என்றார் அப்பா, மிக வேகமாக.

தொப்பி அக்கா வாண்டுவின் பக்கம் திரும்பினார். "நீ என்ன பாப்பா சொல்றே?"

"எனக்குத் தாகமா இருக்கு!" என்று சொல்லிவிட்டு வாண்டு சமையலறைக்கு ஓடியே போனாள். நிஜமாகவே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பொய் சொன்னதாக இருக்கக் கூடாது அல்லவா?

வெளியே வந்து பார்த்தால், தொப்பி அக்கா தெருவோரக் குழாய்த் திட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. வெயிலில் அலைந்த களைப்பு. வாண்டுவுக்குப் பாவமாக இருந்தது. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ரொம்ப நன்றி கண்ணு. உங்க தெருவுல ஒரு அதிசயம் நடந்திருக்கு தெரியுமா? இவ்வளவு பழைய வீடுங்க. ஒரு விரிசல்கூட இல்லை!"

"இல்லாட்டி நல்லதுதானே, அக்கா?"

"நிஜமாவே இல்லாட்டி நல்லது." அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து உதறினார். "இருந்தா, அதுமேல குறுக்கால ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்போம். கீழே மெஷின் குடையும்போது சுவர் ஒரு முடி அளவு அசைஞ்சாலும் கண்ணாடி பட்டுன்னு உடைஞ்சிடும். உடைஞ்சா உடனே வேலையை நிறுத்தணும். அது கட்டளை."

"கண்ணாடி ஒட்டலைன்னா?"

"சுவர் அசையறது எங்களுக்கு எப்படித் தெரியும்? 'இந்தத் தெருவுல எல்லாச் சுவரும் பலமா இருக்கு'ன்னு நினைச்சு மெஷினை முழு வேகத்துல விட்டுடுவாங்க."

மொட்டையின் படுக்கை அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. தலைமாடே அங்கேதான்.

"விரிசல் இருக்கிற வீட்டை இடிச்சிடுவீங்களா, அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"யார் சொன்னது? வேலை தொடங்குறதுக்கு முன்னாடி நாங்க அதைச் சரி பண்ணிக் கொடுக்கணும், எங்க செலவுல. சொன்னாத்தானே பண்ண முடியும்? இன்னிக்குச் சாயங்காலத்தோட இந்தத் தெரு முடிஞ்சது. நாளைக்கு அடுத்த தெரு."

இன்றைக்குச் சாயங்காலம்! வாண்டுவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாளே. அது மட்டுமில்லை. அது இரண்டு வீட்டுச் சுவர். இவள் விஷயத்தைப் போட்டு உடைத்தால் சலூன்கார மாமா அப்பாவிடம் பேசுவாரா? அப்பாவிடம் போய்ச் சொன்னாலோ, 'போய்ப் படி' என்பார். இந்த அக்கா சொல்வதை அப்பா தன் காதால் கேட்டால்தான் சரிப்படும். ஆனால் அளக்க வந்த அதிகாரியைக் கண்டால் அப்பா வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார். என்ன செய்வது?

அப்போதுதான் அவள் தொப்பி அக்காவின் மஞ்சள் மேல்சட்டையைப் பார்த்தாள். அக்குளுக்குக் கீழே அகலமான டேப் ஒட்டியிருந்தது. தையல்காரர் மகள் கண்ணுக்கு அது தப்புமா?

"அக்கா, சட்டை கிழிஞ்சிருக்கு."

"ஐயோ, தெரியுதா? கம்பியில மாட்டிக் கிழிஞ்சுது. சின்னக் கிழிசல்தான். டேப் ஒட்டிச் சமாளிச்சுட்டேன்."

"எங்கப்பா தைச்சுக் கொடுப்பார். வாங்க அக்கா!" வாண்டு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தொப்பி அக்காவை மறுபடி பார்த்ததும் அப்பாவின் முகம் வெளுத்தது. ஆனால் அக்கா அந்த மேல்சட்டையைக் கழற்றி நீட்டியதும் அவர் தையல்காரர் ஆகிவிட்டார். ஓரமாக உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அம்மா, பொத்தான் துளையில் ஊசியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா இந்த டேப்பை ஒட்டினது?" என்று அப்பா கேட்டார்.

"நான்தான்."

அப்பா டேப்பைப் பிடித்து உரித்தார். உள்ளே கிழிசல், டேப்பின் கடைசி வரைக்கும் நீண்டிருந்தது.

"ஒட்டும்போது எவ்வளவு இருந்தது?"

"ஒரு விரல் அளவுதான் இருந்தது" என்றார் அக்கா, ஆச்சரியமாக.

அவ்வளவுதான். அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிழிசலை மறைக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஊக்கு குத்திக்கொண்டு வருகிறவர்கள், மடித்து மறைத்துக்கொண்டு வருகிறவர்கள், எல்லோருக்கும் ஒரே அர்ச்சனைதான்.

"என்ன மேடம் நீங்க, படிச்சவங்க! மேல ஒட்டி மூடிட்டா கிழிசல் போயிடுமா? அது பாட்டுக்கு உள்ளே ஓடிக்கிட்டே இருக்கும். அன்னிக்கே காட்டியிருந்தா ரெண்டு தையல்ல முடிஞ்சிருக்கும். வெட்கப்பட்டு மறைச்சு மறைச்சு, கடைசியில் சட்டையே ரெண்டா வர்ற வரைக்கும்..."

பேசிக்கொண்டே மெஷினை மிதித்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். சக்கரம் நின்றது. அவர் கண் மெதுவாகப் பின்னறைப் பக்கம் போனது. பீரோ தெரிந்தது. பக்கத்தில் நின்ற வாண்டுவும் தெரிந்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் அகல விரித்து அவரையே பார்த்தாள்.

"என்னங்க, நூல் அறுந்துபோச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லை" என்றார் அப்பா. நெற்றி வேர்த்திருந்தது. "மேடம், ஒண்ணு கேட்கட்டுமா? ஒரு பேச்சுக்குத்தான். ஒரு வீட்டுச் சுவர்ல விரிசல் இருக்குன்னு வைங்க. அந்த வீட்டை என்ன பண்ணுவீங்க?"

தொப்பி அக்கா சிரிக்கவில்லை. குழாய்த் திட்டில் வாண்டுவிடம் சொன்னதை எல்லாம் பொறுமையாக மறுபடி சொன்னார்.

"ஒரு பேச்சுக்குன்னு என்னங்க இழுக்கறீங்க? பீரோவை நகர்த்துங்க" என்றாள் அம்மா. "தள்ளி வச்சதுல எனக்கு இன்னும் முதுகு வலி போகலை."

"நம்ம சுவர் மட்டும் இல்லையே அது. வாண்டு, பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிடு" என்றார் அப்பா.

சலூன்கார மாமா கையில் கத்தியோடு வந்தார். பின்னாலேயே மொட்டை. அவனுக்கும் பின்னால், ஒரு கன்னத்தில் மட்டும் சோப்பு நுரையோடு ஒரு வாடிக்கையாளர். பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு வந்தால் அவர்தான் என்ன செய்வார், பாவம்!

விஷயத்தைக் கேட்டதும் மாமா கொதித்துவிட்டார். "அண்ணே, நாம பேசிக்கிட்டது என்ன, நீங்க பண்றது என்ன? இவங்க இன்னிக்கு இனிப்பாப் பேசுவாங்க. நாளைக்கு இன்னொருத்தர் வந்து காலி பண்ணுன்னு சொன்னா? எனக்கு இந்தக் கடையை விட்டா என்ன இருக்கு?"

பயந்தவர் கேட்ட நியாயமான கேள்வி அது.

வாண்டு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லியிருந்தேன். இப்ப திறக்கலாமா?"

சரி என்று அப்பா தலையை ஆட்டினார்.

"மாமா, அந்த விரிசல் வழியா முன்னாடி காகிதம்தான் போகும். மழைக்கு அப்புறம் பென்சிலே போச்சு. நானும் மொட்டையும் போட்டுப் பார்த்தோம். இப்ப பூசின சிமெண்டும் விட்டுடுச்சு. ரயில் இன்னும் வரவே இல்லை மாமா. அதுக்குள்ளேயே சுவர் விலகிக்கிட்டுத்தான் இருக்கு." அவள் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள். "மொட்டை அங்கதான் தலை வச்சுப் படுக்கிறான், மாமா."

மாமா மகன் பக்கம் திரும்பினார். "பென்சிலாடா போச்சு?"

"ரப்பர் வச்ச பென்சில்ப்பா" என்றான் மொட்டை, தரையைப் பார்த்தபடி.

மாமா கத்தியை மடக்கினார். அதற்கே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, "அண்ணே, அந்த ஆளுயரக் கண்ணாடி கனமா இருக்கும். ஒரு கை பிடிங்க" என்றார்.

அந்தப் பக்கம் கண்ணாடி இறங்கியது. இந்தப் பக்கம் பீரோ நகர்ந்தது. தொப்பி அக்கா பூச்சை மெல்லச் சுரண்டி, விளக்கு அடித்துப் பார்த்தார். மெல்லிய அளவுத் தகட்டை விரிசலுக்குள் விட்டு அளந்தார். அவர் முகம் மாறியது.

"நல்லவேளை காட்டினீங்க" என்றார். "இது சின்ன விரிசல் இல்லை. மேல விட்டத்துல இருந்து வருது. இன்னிக்கே கண்ணாடி ஒட்டிடறேன். சுவரைச் சரி பண்ணாம இதுக்கு அடியில மெஷின் வரக் கூடாதுன்னு சொல்லிடறேன். அதுவரைக்கும் யாரும் இந்தச் சுவர் ஓரமாப் படுக்காதீங்க."

"இடிக்க மாட்டீங்களே?" என்றார் மாமா.

"இது இடிக்கிற விரிசல் இல்லைங்க, கட்டுற விரிசல். என் வார்த்தை போதலைன்னா, எங்க பெரிய பொறியாளரை உங்க கூட்டத்துக்கு வரச் சொல்றேன். எல்லார் முன்னாடியும் கேளுங்க."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்க வீட்டுலேயும் ஒண்ணு இருக்கு. முழங்கால் உயரத்துக் காலண்டருக்குப் பின்னாடி." சொன்னது நுரைக் கன்னக்காரர். சொன்ன கையோடு, பாதிச் சவரத்தோடேயே வீட்டுக்கு ஓடினார்.

ஓடினவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடியிருக்க வேண்டும். நான்தான் முன்னாலேயே சொன்னேனே, அந்தத் தெருவில் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் காலண்டர்கள் இறங்கின. அலமாரிகள் நகர்ந்தன. தொப்பி அக்காவை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"மேடம், முதல்ல எங்க வீட்டுக்கு வாங்க. எங்க விரிசல் வாசல்ல ஆரம்பிச்சுச் சமையலறை வரைக்கும் போகுது!"

"அது என்ன விரிசல்? எங்க மாடிப்படிக்குக் கீழே வந்து பாருங்க, கையே போகும்!"

காலையில் எறும்புகூட நுழையாது என்றவர்கள்தான் இப்போது கையே போகும் என்றார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விரிசல் யார் வீட்டில் இருந்தது தெரியுமா? பெயிண்ட் கடைக்காரர் வீட்டில்! டப்பாக்களை மலை போல் அடுக்கி மறைத்து வைத்திருந்தார். ஒவ்வொரு டப்பாவாக இறக்கும்போது அவர் முகம் அங்கே இருந்த சிவப்புப் பெயிண்ட் போலச் சிவந்துபோனது.

"எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க. கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும்" என்றார் தலைவர். பெரிய குரல் அன்று சின்னதாகத்தான் வந்தது. "வெள்ளை சிமெண்ட் மிச்சம் இருந்தா கொண்டுவாங்க, திருப்பி எடுத்துக்கறேன்."

கூட்டம் நடந்தது. பெரிய பொறியாளர் வந்தார். தெருவே திரண்டு வந்து கேள்வி கேட்டது. தூசி எப்படி, சத்தம் எப்படி, கடை வாசலை மறிப்பீர்களா என்று துளைத்துவிட்டார்கள். சிலவற்றுக்கு உடனே பதில் சொன்னார். சிலவற்றுக்குத் தலையைச் சொறிந்தார். கடை வாசல் விஷயத்துக்கு அவர், "பார்க்கலாம்" என்றதும் வாண்டுவின் அம்மா எழுந்து நின்றாள்.

"பார்க்கலாம்னா எப்பங்க பார்ப்பீங்க? பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நாங்க இங்கேதான் இருப்போம்" என்றாள்.

அவர் அடுத்த வாரமே பார்த்துவிட்டு வந்து சொன்னார். வேலை நடக்கும்போது கடைகளுக்குப் போக மரப்பலகையில் நடைபாதை போட்டுத் தருவதாக முடிவானது. விரிசல் உள்ள வீடுகளை எல்லாம் சரி செய்த பிறகுதான் மெஷின் வரும் என்பதை எல்லார் முன்னாலும் சொன்னார். யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்பதை, சலூன்கார மாமா கேட்டுக்கொண்டபடி மூன்று முறை சொன்னார்.

முதலில் எடுத்தது பொதுச்சுவரைத்தான். வேலையாட்கள் வந்து விரிசலுக்குக் குறுக்கே வரிசையாகப் பள்ளம் கீறினார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்புக் கம்பியை வைத்து, இறுக்கிப் பூசினார்கள்.

வாண்டுவின் அப்பா கழுத்தில் அளவு டேப்போடு வந்து நின்று பார்த்தார். "இதுக்கு என்னப்பா பேரு?"

"சுவரைத் தைக்கிறதுங்க" என்றார் கொத்தனார்.

"தைக்கிறதா!" அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்க அவர் கடைப் பக்கமே போகவில்லை. "தம்பி, இங்கே தையல் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுந்திருக்கு பாருங்க" என்று ஐந்தாவது முறை சொன்னபோது கொத்தனார் கும்பிட்டுவிட்டார்.

"ஐயா, நீங்க போய்ச் சட்டையைத் தைங்க. சுவரை நான் தைச்சுக்கறேன்!"

சுவர் நன்றாக இறுகும்வரை சலூன்கார மாமா யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. மொட்டை அத்தனை நாளும் சலூனில், நாற்காலிகளுக்கு நடுவே படுத்தான். காலையில் எழுந்தால் தலை முழுக்க யார் யாருடைய முடியோ ஒட்டியிருக்கும். "இப்பத்தாண்டா உனக்கு முடி இருக்கு" என்று வாண்டு கேலி செய்வாள்.

ஒரு நாள் தொப்பி அக்கா வந்தார். சுவரை மேலிருந்து கீழே தட்டிப் பார்த்தார். பூசிய பிறகு இரண்டு பக்கமும் புதிதாக ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகளை உற்றுப் பார்த்தார். அவை முழுசாக, கீறல்கூட இல்லாமல் இருந்தன.

"இனிமே பயம் இல்லைங்க" என்றார்.

சலூன்கார மாமா சுவரில் உள்ளங்கையை வைத்து ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். அக்கா சொல்லியும் அவருக்குப் போதவில்லை. தோளைக் கொடுத்து முட்டிப் பார்த்தார். சுவர் அசையவில்லை. பிறகு சலூனுக்குப் போய், மகனின் பாயைத் தானே சுருட்டி எடுத்துவந்து, சுவரை ஒட்டி, தலைமாடு அந்தப் பக்கம் இருக்கும்படி விரித்துப் போட்டார்.